மிச்சிகன் வீடுகளின் குளிர்காலக் கணக்கு

போன அக்டோபரில், கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்டிமேட்டை அனுப்பினான். அவன் வீட்டுப் பரணில், அங்கே அட்டிக் என்பார்கள், இன்சுலேஷன், அதாவது சூடு கசியாமல் தடுக்கும் அடுக்கு, கூட்டுவதற்கான எஸ்டிமேட். தடுக்கும் திறனை 'ஆர்' என்ற எண்ணால் அளப்பார்கள், எண் கூடினால் கசிவு குறையும். இப்போது இருப்பது ஆர்-32. அதை ஆர்-60 ஆக்கினால் கூரை வழியாகப் போகும் சூடு பாதியாகக் குறையும், ஏழு வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கீழே அவன் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தான்: "அண்ணா, போடலாமா?"

மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? கூரை என்றால் மேலிருந்து உள்ளே இறங்கும் சூடுதான் எனக்குத் தெரியும். காசு கொடுத்து உள்ளே உண்டாக்கிய சூடு மேலே தப்பிப் போகும் கதை வேறு. ஆனாலும் அவன் வீட்டிலிருந்து நாலைந்து மணி நேரக் கார் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இதே கேள்வியை ஏறக்குறைய 30,000 குடும்பங்களை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு மராமத்தால் எரிபொருள் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை இவ்வளவு கறாராகச் சோதித்தது அபூர்வம். அதைத்தான் அவனுக்கு எழுதி அனுப்பினேன். இது அதன் விரிவு.

இலவச மராமத்து

அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு அமெரிக்காவில் எரிபொருள் விலை ஏறியது. அதிகம் அடிபட்டவர்கள் பழைய, இடுக்கு விழுந்த வீடுகளில் இருந்த ஏழைகள். அவர்களுக்காக 1976ல் வந்த சட்டத்தில் பிறந்ததுதான் 'வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் புரோகிராம்'. பரணில் இன்சுலேஷன் பரப்புவார்கள், சுவருக்குள் ஊதி நிரப்புவார்கள், ஜன்னல் கதவு இடுக்குகளை அடைப்பார்கள், தேவைப்பட்டால் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை மாற்றித் தருவார்கள். செலவு முழுக்க அரசினுடையது.

முப்பது வருஷம் இந்தத் திட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில், பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க ஒபாமா கையெழுத்திட்ட ஊக்கச் சட்டம் இதற்கு ஒரேயடியாக 500 கோடி டாலர் ஒதுக்கியது. வறுமைக் கோட்டைப் போல் ஒன்றரை மடங்கு வருமானம் வரை இருந்த தகுதி இரண்டு மடங்காக விரிந்தது. ஒரு வீட்டுக்குச் சராசரியாகச் செலவிடலாம் என்ற உச்சவரம்பு 6,500 டாலராக உயர்ந்தது. கார் தொழிற்சாலைகள் படுத்துக் கிடந்த மிச்சிகனுக்கு மட்டும் 24 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை, ஏழைகளுக்குக் கதகதப்பு, பூமிக்குக் குறைந்த கரி, அதாவது கரியமில வாயு. ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று எல்லாரும் நம்பினார்கள். அவ்வளவு பணத்தையும் வேகமாகச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு அந்தந்த ஊர் வழக்கக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம், முன்பு இந்த வேலைகளுக்குப் பொருந்தாதது, புதிதாகப் பொருந்தியதால் பல மாநிலங்களில் தொடக்கமே தாமதம்.

ஒரு வீட்டில் என்ன செய்வது என்று முடிவு செய்யும் விதத்தை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் வரும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஆடிட்டர் வருவார். பரணையும் சுவரையும் அளப்பார், ஃபர்னஸைப் பார்ப்பார். வாசலில் துணித் திரை கட்டி, அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்பார். வெளிக்காற்று எந்தெந்த இடுக்கு வழியாக எவ்வளவு வேகத்தில் உள்ளே பாய்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். இதற்கு ப்ளோவர் டோர் சோதனை என்று பெயர். இந்த எண்களை எல்லாம் அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் உருவாக்கிய ஒரு மென்பொருளில் போடுவார். இந்த வேலைக்கு ஒரு டாலர் செலவழித்தால் அதன் ஆயுளில் எத்தனை டாலர் எரிபொருள் மிச்சமாகும் என்று அது சொல்லும். ஒன்றுக்குக் குறைந்தால் அந்த வேலை பட்டியலில் இருக்காது.

ஆக, காகிதத்தில் நஷ்டம் வரும் வேலை எதுவும் எந்த வீட்டிலும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

சீட்டுக் குலுக்கியது எதை?

காகிதம் சொன்னது பில்லில் தெரிகிறதா என்று பார்க்கக் கிளம்பியவர்கள் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள்: மெரிடித் ஃபௌலி, கேத்தரின் வுல்ஃப்ரம், மைக்கேல் கிரீன்ஸ்டோன். ஆய்வு வெளியான சமயத்தில் முதல் இருவரும் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மூன்றாமவர் சிகாகோ பல்கலைக்கழகம்.

மராமத்து செய்த வீட்டையும் செய்யாத வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து வேலை வாங்கிக்கொள்கிற குடும்பம் ஒரு ரகம். பில் எகிறியதால் வந்திருக்கலாம், வீட்டில் குழந்தை பிறந்ததால் வந்திருக்கலாம், அல்லது இயல்பாகவே சிக்கனக்காரராக இருக்கலாம். அவர்கள் பில் குறைந்தால் அது இன்சுலேஷனாலா, ஆளாலா? பிரிக்க முடியாது. முன்னும் பின்னும் பார்த்தாலும் ஒரு குளிர்காலம் கடுமை, அடுத்தது லேசு என்று வானிலை குறுக்கே வரும்.

மருந்துச் சோதனைபோல் சீட்டுக் குலுக்கி இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று சொல்வதுதான் சுத்தமான வழி. ஆனால் தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தை மறுக்க முடியாது. அதனால் திட்டத்தை விட்டுவிட்டு, அதைப் பற்றி எடுத்துச் சொல்வதைக் குலுக்கிப் போட்டார்கள். குலுக்கலில் வந்த குடும்பங்களை 2011ல் விடாமல் தேடிப் போனார்கள். ஏறக்குறைய 7,000 வீடுகளுக்கு நேரில் போய்க் கதவு தட்டினார்கள், 32,000க்கும் மேல் தொலைபேசி அழைப்புகள், விண்ணப்பம் நிரப்ப வீட்டிலேயே உட்கார்ந்து உதவி. மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் விரும்பினால் தாராளமாகச் சேரலாம். இரண்டு கூட்டமும் மற்ற எல்லா வகையிலும் ஒரே மாதிரி என்பதால், பில்லில் தெரியும் வித்தியாசம் அந்தத் தூண்டுதலால் கூடுதலாகச் சேர்ந்த வீடுகளின் மராமத்தால் வந்தது.

முதல் அதிர்ச்சி இங்கேயே. யாரும் எதுவும் சொல்லாத கூட்டத்தில் வேலை நடந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு அலைந்து திரிந்து எடுத்துச் சொன்ன கூட்டத்திலும் சுமார் ஆறுதான். 5,000 டாலர் பெறுமான வேலை, முழு இலவசம், நூற்றில் 94 பேர் கடைசிவரை வந்து சேரவில்லை! கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சேர்த்துவிடுவதற்கு மட்டும் 1,000 டாலருக்கு மேல் செலவு.

சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வருமானச் சான்று, பழைய பில்கள், வீடு தன்னுடையதுதான் என்பதற்கு ஆவணம், ஆடிட்டர் வரும் நாளில் லீவு, வேலையாட்கள் வரும் நாட்களில் மறுபடி லீவு. தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்கு நாலு நடை நடந்தவர்களுக்கு இது புரியும். தினக்கூலிக்காரருக்கு லீவு என்றால் காசு. பரணில் அடைத்து வைத்திருக்கும் சாமான்களை இறக்கி வேறு எங்கே வைப்பது? மராமத்துக் கணக்கு போடும் எவரும் இந்த வரியை எழுதுவதில்லை. எஸ்டிமேட்டில் விலை இருக்கும், தொல்லைக்கு விலை இருக்காது.

பில் சொன்னது

வேலை நடந்த வீடுகளில் எரிபொருள் உபயோகம் குறைந்தது உண்மை. மாதத்துக்கு 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. இன்சுலேஷன் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மென்பொருள் வாக்குக் கொடுத்தது இதைவிட மூன்று மடங்குக்கும் மேல். வீட்டுக்குச் சுமார் 5,000 டாலர் செலவு. மிச்சமான எரிபொருளின் இன்றைய மதிப்பு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, சுமார் 2,400 டாலர். 2018ல் பொருளாதார இதழ் ஒன்றில் வெளியான இந்த ஆய்வில் பரபரப்பானது இந்தப் 'பாதி' என்ற சொல்தான்.

'இன்றைய மதிப்பு' என்பதை ஒரு எண்ணால் காட்டிவிடுகிறேன். வருஷத்துக்கு 190 டாலர் வீதம் 16 வருஷம் மிச்சமானால் கூட்டுத்தொகை 3,040 டாலர். ஆனால் பதினாறாம் வருஷம் கையில் வரும் 190ம் இன்று கையில் இருக்கும் 190ம் ஒன்றில்லை. வருஷத்துக்கு 3 சதவீதம் தள்ளிப் பார்த்தால் அந்த 3,040 இன்றைக்கு 2,400 அளவுக்குச் சுருங்கிவிடும். 'ஏழு வருஷத்தில் காசு திரும்பும்' என்கிற கான்ட்ராக்டர் கணக்கில் இந்தத் தள்ளுபடி பெரும்பாலும் இருக்காது. சீட்டுப் பணத்தை எப்போது எடுத்தால் லாபம் என்று பார்க்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எரிவாயு விலை விழுந்ததுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். விலை விழுந்தது நிஜம். பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் வாயு பெருகியதில், 2008ல் ஒரு அலகுக்குச் சராசரி 9 டாலரை நெருங்கிய அமெரிக்க மொத்த விலை 2012ல் 3 டாலருக்கும் கீழே போனது. ஆனால் மூன்று மடங்கு என்ற இடைவெளி டாலர் கணக்கில் வந்ததில்லை. எரிந்த வாயுவின் அளவிலேயே அந்த இடைவெளி இருக்கிறது. விலை எதுவாக இருந்தாலும் மென்பொருள் சொன்ன அளவு வாயு மிச்சமாகவில்லை.

காணாமல் போன மிச்சம்

அப்படியானால் மீதி எங்கே போனது? எல்லார் வாயிலும் முதலில் வந்த பதில், மக்கள் அதைக் கதகதப்பாக அனுபவித்துவிட்டார்கள் என்பது. பில் குறையும் என்று தெரிந்ததும் வீட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அப்படி நடந்திருந்தால் அது நஷ்டமே இல்லை. குளிரில் நடுங்கிய கிழவி நிம்மதியாகத் தூங்குகிறாள், அதுவும் பலன்தான். இதை ஆய்வாளர்கள் ஊகத்துக்கு விடவில்லை. வீடு வீடாகப் போய் உள்ளே வெப்பம் எவ்வளவு என்று அளந்தார்கள். மராமத்து செய்த வீடுகளுக்கும் மற்றவற்றுக்கும் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம்கூட இல்லை. எல்லாரும் நம்பிய காரணம் காற்றில் போயிற்று.

மிச்சிகன் ஆய்வு இங்கே நின்றுவிட்டது. நூலின் அடுத்த நுனி பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. இல்லினாய் மாநிலத்தில் இதே திட்டத்தின் வீடுகளை எடுத்து வேறு ஓர் ஆய்வுக் குழு இடைவெளியைப் பங்கு பிரித்துப் பார்த்தது. அங்கே வாக்களித்த மிச்சத்தில் 51 சதவீதம் கைக்கு வந்திருந்தது, மிச்சிகனைவிடப் பரவாயில்லை. வராமல் போனதில் 43 சதவீதம் வரை மென்பொருளின் மிகைக் கணிப்பு. 41 சதவீதம் வரை வேலைத்தரம். மக்கள் சூட்டைக் கூட்டிக்கொண்டதன் பங்கு சுமார் 6 சதவீதம்தான்.

முதல் காரணத்தைப் பற்றி ஜெர்மனியில் ஒரு சுவையான சங்கதி கிடைத்தது. அங்கே சில ஆயிரம் வீடுகளின் மதிப்பீட்டுச் சான்றிதழையும் உண்மையான உபயோகத்தையும் 2012ல் ஒப்பிட்டபோது, மராமத்து எதுவும் நடக்கும் முன்பே, வீடுகள் கணக்கில் சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் எரித்துக்கொண்டிருந்தன. ஓட்டை வீட்டில் இருப்பவர் முட்டாளா என்ன? எல்லா அறைகளையும் சூடாக்கினால் கட்டுப்படியாகாது என்று அவருக்குத் தெரியும். ஒரு அறையைச் சூடாக்கிக்கொண்டு, கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். மென்பொருளோ வீடு முழுக்க, நாள் முழுக்க ஒரே வெப்பம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எரிக்காத வாயுவை யாராலும் மிச்சப்படுத்த முடியாது. ஏசி வாங்கி வைத்துவிட்டு ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிற வீட்டில், 24 மணி நேரம் ஓடும் ஏசியின் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

வேலைத்தரம் இன்னும் எளிது. பரணில் இன்சுலேஷனை மூலைவரை பரப்பாமல் நடுவில் மட்டும் கொட்டிவிட்டு இறங்கினால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. சுவருக்குள் ஊதியது அடியில் உட்கார்ந்து மேலே காலியாக இருந்தால் சுவரைப் பிளந்தால்தான் தெரியும். டைல்ஸ் கோணலாக ஒட்டியவரை மறுநாளே பிடித்துக் கேட்கலாம். இங்கே தவறு சுவருக்குள் மறைந்து கிடந்து, பில்லில் மட்டும் மாதாமாதம் வந்து போகிறது.

எதிர்க் கணக்கு

மிச்சிகன் முடிவுக்கு எதிர்ப்பு பலமாக வந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகம் நாடு முழுக்கச் செய்த மதிப்பீட்டில் வேறு படம். அமெரிக்க எரிசக்தித் துறை எடுத்துச் சொன்ன எண்கள் இவை: ஒரு டாலர் போட்டால் எரிபொருளில் 1.72 டாலர் பலன், உடல்நலம் பாதுகாப்பு போன்றவற்றில் இன்னும் 2.78 டாலர்.

இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? ஒப்பிட்ட முறை வேறு. ஓக் ரிட்ஜ் ஒப்பிட்டது பின்னால் இதே திட்டத்தில் சேர்ந்த வீடுகளோடு, சீட்டுக் குலுக்கிய கூட்டங்களை அல்ல. மிச்சிகன் பார்த்தது ஒரே மாநிலம், அதுவும் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்த காலம், கூடுதல் ஆட்களை அவசரமாகப் பழக்கி வேலைக்கு இறக்கிய நேரம். குலுக்கலின் தூண்டுதலால் வந்த குடும்பம் தானாக வந்த குடும்பத்தைவிடக் குறைந்த தேவை உடையதாக இருந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு.

எரிபொருள் மிச்சத்தைப் பொறுத்தவரை எனக்கு மிச்சிகன் கணக்கில்தான் நம்பிக்கை அதிகம். சீட்டுக் குலுக்கல் பொய் சொல்வது கஷ்டம். ஆனால் உடல்நலம் விஷயத்தில் மிச்சிகன் ஆய்வு மௌனம் சாதித்ததை அப்படியே ஏற்க முடியாது. பழைய ஃபர்னஸிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஈரம் பிடித்த சுவரில் பூஞ்சை வளர்ந்தால் ஆஸ்துமா குழந்தைக்கு மூச்சு முட்டும். இவற்றுக்கு டாலரில் விலை போடும் முறை எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் பூஜ்யம் என்று போடுவது அதைவிட மோசம்.

சுற்றுச்சூழல் கணக்கு எதிர்பாராத பக்கம் சாய்ந்தது. குறைந்த கரி வெளியேற்றத்தையும் வரவில் சேர்த்து, நாட்டுக்கு மொத்தமாக என்ன கிடைத்தது என்று பார்த்தால் வருஷத்துக்கு மைனஸ் 7.8 சதவீதம் என்று வந்தது. கரியை வரவில் சேர்த்தும் எப்படி இவ்வளவு கீழே? வீட்டுக்காரர் கட்டும் பில்லில் வாயுவின் விலை மட்டும் இல்லை, தெருவுக்கடியில் ஓடும் குழாயின் செலவும் இருக்கிறது. ஒரு வீடு வாயுவைக் குறைத்தால் குழாய் சுருங்கிவிடாது. அந்த வீட்டின் பில் குறையும், அந்தக் குழாய்ச் செலவு மற்ற வீடுகளின் தலையில் விழும். வீட்டுக்காரரின் லாபம் முழுதும் ஊரின் லாபம் ஆகாது. கரியைக் குறைக்கக் குறைந்த செலவில் வேறு வழிகள் இருக்கும்போது, அதற்காகவே இந்தப் பணத்தைப் போடுவதில் அர்த்தமில்லை என்பது ஆய்வாளர்கள் கட்சி. ஏழைக்கு உதவி என்று பெயர் வைத்துச் செலவழியுங்கள், அது வேறு விவாதம் என்பது என் கட்சி.

காகித மிச்சத்தை நம்பிக் கடனே கொடுத்துப் பார்த்த நாடும் உண்டு. பிரிட்டன் 2013 ஜனவரியில் 'கிரீன் டீல்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. வீட்டு மராமத்துக்குக் கடன் வாங்குங்கள், மின்சார பில்லோடு தவணையாகக் கட்டுங்கள், எதிர்பார்க்கப்படும் மிச்சத்தைவிடத் தவணை அதிகமாகாது என்று ஒரு 'பொன் விதி'. அந்த 'எதிர்பார்க்கப்படும்' என்ற சொல்லிலேயே எல்லாம் தொங்கியது. வட்டியும் சாதாரண வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் ஆசைப்படும்படி இல்லை. லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள், வந்தது சுமார் 14,000 குடும்பங்கள். 2015 ஜூலையில் அரசு கைவிரித்தது. அடுத்த வருஷம் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கூட்டிப் பார்த்ததில், ஒவ்வொரு கடனுக்கும் அரசுக்கு ஆன செலவு சுமார் 17,000 பவுண்டு.

பாதி என்றால் எதில் பாதி

சரி, ஸ்கார்பரோவுக்கு வருவோம். கான்ட்ராக்டர் 'கூரை வழிச் சூடு பாதியாகும்' என்று எழுதியது பொய் இல்லை. இன்சுலேஷனின் ஆர் எண் எவ்வளவு மடங்கு ஏறுகிறதோ, கசியும் சூடு அத்தனையில் ஒரு பங்காகக் குறையும். 32லிருந்து 60க்குப் போனால் கசிவு 47 சதவீதம் குறையும், ஏறக்குறையப் பாதிதான்.

ஆனால் ஒன்றுமே போடாத பரணிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மரமும் பலகையும் சேர்ந்து ஆர்-3 என்று வைத்துக்கொண்டு, அதன் வழி கசிவது 100 என்போம். மொத்தம் ஆர்-19 ஆனதும் அது 16 ஆகிவிடும். ஆர்-32ல் 9. ஆர்-60ல் 5. முதல் அடுக்கு 84ஐப் பிடித்து வைத்தது. தம்பி போடப்போகும் அடுக்கு பிடிப்பது மீதி இருக்கும் ஒன்பதில் நான்கை. இரண்டுக்கும் மூட்டை விலை ஒன்று, கூலியும் ஒன்று. அந்த வீட்டில் அவனுக்கு முன்னால் குடியிருந்தவர் யாரோ, பலன் தரும் வேலையை எப்போதோ முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சொன்னதும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "அப்போ எதுவுமே வேண்டாமா?" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் வீட்டு ஃபர்னஸுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அது எப்படியும் ஓரிரு குளிர்காலத்தில் கையை விரிக்கும். எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய பொருளை மாற்றும்போது, சாதாரண ரகத்துக்கும் சிக்கன ரகத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் செலவில் எழுதினால் போதும். நன்றாக ஓடுகிற ஃபர்னஸைக் கழற்றி எறிந்தால் முழு விலையையும் எழுத வேண்டும். ஒரே பெட்டி, ஒரே மிச்சம், மாற்றும் நேரத்தைப் பொறுத்துக் கணக்கு லாபமாகவோ நஷ்டமாகவோ திரும்பும். ஜன்னல் விஷயமும் இதேதான். கட்டை உளுத்துப்போய் மாற்றும் ஜன்னலுக்கு ஒரு கணக்கு, விளம்பரம் பார்த்து மாற்றும் ஜன்னலுக்கு வேறு கணக்கு.

இடுக்கு அடைப்பது மலிவு, ஆனால் எங்கே அடைப்பது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். கனடா அரசு 2021ல் தொடங்கிய மராமத்து மானியத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நிபந்தனை இருந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டை அளந்தாக வேண்டும். அந்த மானியத்துக்கு 2024ன் தொடக்கத்திலேயே புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள், தம்பிக்கு அது கிடைக்காது. அளவுக்காரரைச் சொந்தச் செலவில் கூப்பிடலாமே என்றேன். இரண்டாவது அளவு முடிந்த பிறகுதான் கடைசித் தவணை என்று கான்ட்ராக்டரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளவும் சொன்னேன். இல்லினாயில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இடுக்கு எவ்வளவு அடைபட்டது என்று விசிறிச் சோதனையில் தெரியும் அளவுக்கு ஏற்ப வேலையாட்களுக்கே போனஸ். வேலை நன்றாகவே நடந்தது.

அளவுக்காரர் நவம்பரில் வந்தார். பரண் ஏணிக்கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை இல்லை. அடித்தளத்தில் சுவரும் தரைச் சட்டமும் சேரும் இடத்தில் வீட்டைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. விசிறி ஓடும்போது அங்கே கையை வைத்தால் வெளிக்குளிர் சுளீரென்று அடித்ததாம். இரண்டையும் ஒரு சனிக்கிழமை அவனும் மனைவியும் சேர்ந்தே அடைத்துவிட்டார்கள். பரணில் ஆர்-60 போடும் எஸ்டிமேட் இன்னும் அவன் மேஜை டிராயரில் இருக்கிறது.

இந்தக் குளிர்காலப் பில்லை எப்படிப் படிப்பது என்று கேட்டான். கனடா வானிலைத் துறை ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பம் 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே போனது என்று கூட்டி வெளியிடுகிறது. போன வருஷ வாயு அளவை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு எண், இந்த வருஷத்துக்கு ஒரு எண். சமையலுக்கும் வெந்நீருக்கும் போகும் வாயுவை ஜூலை, ஆகஸ்ட் பில்லைப் பார்த்து முதலில் கழித்துவிட வேண்டும். டாலரைப் பார்க்காதே, கன மீட்டரைப் பார் என்று எழுதினேன். ஜனவரி வரை இரண்டு பில் வந்திருக்கிறது. "எதுவும் சொல்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும்ணா" என்கிறான்.